மண் சுமந்த பதினோரு பேர்

மைசூரு சிட்டி பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். மாதா கோயிலில் பைபிள் வகுப்பு முடிந்து வீடு திரும்புகிறார்கள். மூத்தவர் சட்டென்று சொன்னார்:

“பைபிள்ல எதைச் சேக்கறதுன்னு சொல்லவும் ஒரு கமிட்டி இருந்திருக்கும்டி.”

“கமிட்டி இல்லக்கா. சபைங்கள்ல திரும்பத் திரும்ப எதை வாசிச்சாங்களோ அதுதான் நின்னுச்சாம். பிஷப்புங்க அப்புறமாத்தான் லிஸ்ட் போட்டாங்களாம்.”

“வாசிக்காதது?”

“யாரும் பார்த்து எழுதி வைக்கல. நிறைய அழிஞ்சே போச்சாம். மகதலா மரியாள் பேர்ல ஒண்ணு இருந்துச்சாம், அதுல பாதிகூட கிடைக்கலையாம்.”

“ஹௌதா, அப்படியா? பொம்பளை பேர்ல இருந்தா எவன் வாசிப்பான்? நம்ம கோயில் பொன்விழா மலருக்கு நானும்தான் எழுதிக் குடுத்தேன். கோயில் கட்டறப்ப மண்ணு சுமந்த பதினோரு பொம்பளைங்க பேரும் அதுல இருந்துச்சு. உன் புருஷன் இருந்த கமிட்டிதான் இடமில்லன்னு சொல்லிச்சு. கமிட்டிக்காரங்க போட்டோ மட்டும் முழுப் பக்கம்.”

இளையவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே, “ஜெராக்ஸ் இருந்தா குடுங்கக்கா, அவர்கிட்ட கேக்கறேன்” என்றார்.

“எடுக்கல. புக்குலயே வரப்போவுதுன்னு இருந்துட்டேன். இருந்த ஒரே பேப்பரையும் தொலைச்சுட்டாங்க. இப்ப எனக்கே ஏழு பேருதான் ஞாபகம் வருது.”