பதினொரு தட்டு

வச்சிரப் பசைக்குக் குளிர் ஆகாது, ஐயா. மரவேலை தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சூடாகப் பூசிய பசை மரத்துக்குள் இறங்குமுன் கொஞ்சம் குளிர்காற்று பட்டாலும் ஆடை கட்டிவிடும். பிறகு அந்த ஒட்டு நிற்காது. அதனால்தான் எங்கள் மிர்கூர் ஊரில் எந்தப் பட்டறையிலும் குளிர்காலத்தில் வயலின் ஒட்டும் அறையின் சன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டி, கதவடியில் துணி திணித்து, உள்ளே கரியடுப்பு மூட்டுகிறோம். கரிப்புகை ஆளைக் கொல்லாமல் வெளியேற, கூரையோரம் உள்ள காற்றுத்துளையை மட்டும் மூடுவதில்லை. ஒட்டுகிறவன் உள்ளே போனதும் வெளியே தாழ் போடுவோம். யாரும் தெரியாமல் திறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பசை பிடித்ததும் அவன் மூன்று முறை தட்டுவான், திறப்போம். இது நான் வைத்த விதி இல்லை. என் முதலாளிக்கும் முந்தைய காலத்து விதி.

செலெஸ்தேன் மார்ஷாலும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவனுக்கு மரம், எனக்கு வார்னிஷ். இப்போது உங்களிடம் இருக்கும் அந்த வயலினை 1889இல் அவன்தான் செய்தான். மேல்பலகையை இழைப்பான், விரல் முட்டியால் தட்டுவான், காதோரம் வைத்துக் கேட்பான், மறுபடி இழைப்பான். ஒரு மாதம் இதே கூத்து. அதன் அடித்தந்தியை இழுத்தால் ஒலி காதில் கேட்காது, நெஞ்செலும்பில் கேட்கும். ஆனால் முதலில் கண்ணில் படுவது என் வார்னிஷ். அதையும் நினைவில் வையுங்கள்.

பாரிஸ் கண்காட்சியில் அதற்குப் பதக்கம் கிடைத்தது. செய்தவன் யார் என்று பார்க்கப் பெரிய மனிதர்கள் பட்டறைக்கு வந்தார்கள். செலெஸ்தேன் அன்று மார்ச்சளியோடு வீட்டில் கிடந்தான். "நான்தான்" என்றேன். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லில்தான் எனக்குச் சொந்தப் பட்டறை வந்தது, ஊர்ச் சபையில் நாற்காலி வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும், ஐயா. சோறு போடுகிறவன் சும்மா இருந்தால் முடியும். செலெஸ்தேன் சும்மா இருந்தான், இருபத்திரண்டு வருடம். கடைசியில் என் பட்டறைக்கே வேலைக்கும் வந்தான். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயம்.

அந்த வயலினை மேடைகளில் வாசிக்கும் வித்வான் லெஸ்கூர் இந்த ஜனவரியில் அதைத் திருப்பி அனுப்பினார். மேல்பலகையில் விரிசல். சனிக்கிழமை பத்திரிகைக்காரரோடு நேரில் வந்து எடுத்துக்கொள்வதாகக் கடிதம். நான் மெல்லிய கத்தியை விட்டுப் பலகையைக் கழற்றினேன். உட்பக்கத்தில் பென்சில் எழுத்து: 'செலெஸ்தேன் மார்ஷால் செய்தது, 1889.' வெளியே முதலாளியின் சீட்டு ஒட்டினாலும், மூடுமுன் உள்ளே தன் பெயரைக் கிறுக்கிவைப்பது எங்கள் தொழிலாளிகளின் பழைய திருட்டுத்தனம்.

நானே சுரண்டியிருக்கலாமே என்பீர்கள். அந்தப் பலகையில் ஓர் இழை கூடுதலாகப் போனால் குரல் போய்விடும். என் கை வார்னிஷ்காரன் கை. அவனைத்தான் கூப்பிட்டேன்.

பார்த்ததும் சிரித்தான். "அடடே, இன்னும் அழியலையா இது?"

"சுரண்டிடு செலெஸ்தேன்."

"என் பேரை என் கையாலயே சுரண்டணுமாக்கும். நல்லா இருக்குடா நியாயம்."

"சனிக்கிழமை அவங்க வர்றாங்க."

"வரட்டுமே. ஒரு வாய் பிராந்தி குடுத்து உட்கார வச்சுப் பேசிட்டாப் போச்சு."

"என்ன பேசுவே?"

"யோசிச்சுச் சொல்றேன். இருபத்திரெண்டு வருஷம் தூக்கமில்லாம இருந்தியே ப்ரோஸ்பேர், இன்னும் அஞ்சு நாள் இரேன்."

நண்பன் சொன்ன கேலிதான். ஆனால் அன்று முதல் எனக்குச் சூப் இறங்கவில்லை. பெட்டிக்குள் மூடிய பெயர் பேசாது. வெளியே இருப்பவன் பேசுவான். அதை நினைத்து நினைத்து ஒரு முடிவுக்கு வந்தேன்.

வியாழன் மதியம் மற்ற இருவரையும் ரயிலடிக்கு மரம் பார்க்க அனுப்பினேன். விரிசலை அடைத்து முடித்திருந்த செலெஸ்தேன், பலகையை ஒட்ட உள்ளே போனான். தாழ் போட்டேன். முற்றத்துப் பக்கம் ஏணி வைத்து, காற்றுத்துளையில் ஒரு கோணியைத் திணித்தேன். அன்று குளிர் அதிகம், துளையை அடைத்தால் பசைக்கு நல்லதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டது நினைவிருக்கிறது.

வெளியே உட்கார்ந்து அந்த வயலினுக்குப் புதுக் குதிரை செதுக்கினேன். தந்திகளைத் தாங்கும் அந்தச் சின்னப் பாலத்தைத்தான் சொல்கிறேன். இப்போது வயலினோடு உங்களிடம் இருப்பது அதுதான். எடுத்துப் பாருங்கள், எங்கும் கத்தி வழுக்கியிருக்காது. அரை மணி கழித்துக் கதவு தட்டும் சத்தம். மூன்று என்றால் திறந்திருப்பேனோ என்னவோ. நான் எண்ணினேன், பதினொன்று. கடைசி நான்கு கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தன. விதி மூன்றுதான், ஐயா.

சனிக்கிழமை அவனைப் புதைத்தோம். விபத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வித்வான் லெஸ்கூர் அந்த வயலினைத் தேவாலயத்தில் வாசித்தார். அடித்தந்தி எழும்போது கல் தூண்கூட நடுங்கியதாக எனக்குத் தோன்றியது. ஊரே அழுதது, நானும் அழுதேன். பொய்யழுகை இல்லை. இவ்வளவு அழகாகச் செய்த கை என்று ஒரு கிழவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார். அந்த நேரத்தில் மறுப்பது மரியாதையாக இருக்காது.

பிறகு உங்கள் ஆட்கள் கோணியைக் கண்டுபிடித்தார்கள். காரணம் தேடி நேற்று நான்சி நகரிலிருந்து வயலின் தெரிந்த ஒருவரை வரவழைத்து வயலினைத் திறந்தீர்கள். பலகையை என் முன்னால் வைத்தீர்கள். பழைய வரி இல்லை. விரலால் தடவினால்கூடப் பள்ளம் தெரியாதபடி அவன் சுரண்டியிருந்தான். அதே இடத்தில், அவனுடைய கோணல் எழுத்தில், புதுப் பென்சிலால்: 'ப்ரோஸ்பேர் வோத்ரேன் செய்தது, 1889.'

நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உடைந்துபோவேன் என்று எதிர்பார்த்தீர்கள் போலிருக்கிறது.

எழுதிக்கொள்ளுங்கள். கோணியைத் திணித்தது நான்தான். தட்டும் சத்தம் கேட்டும் திறக்காதவனும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முதலில் நான் சொன்ன ஒன்றை அடித்துவிடுங்கள். அந்த வயலினைச் செய்தவன் நான். செலெஸ்தேனே தன் கைப்பட எழுதியிருக்கிறான். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை, ஐயா.