டெஸ்டிங் என்கிற மாப்பிள்ளை

மலேசியாவின் செரண்டா நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இளைஞன், பக்கத்திலிருந்த தன் அக்காவிடம் சொன்னதைக் கேட்டதும் நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன்.

“அக்கா, அம்மா உனக்குப் பாத்திருக்காங்களே மாப்பிள்ளை, அப்படி ஒரு ஆளே இல்லலா.”

“என்னடா சொல்ற? கோயில் வரன் வெப்சைட்ல வந்த பையன்தானே? நீதானே அந்த வெப்சைட்டைச் செஞ்ச?”

“ஆமாலா. அம்மா தேடுறப்போ நட்சத்திரத்தை மட்டும் போட்டுட்டு, வேலை, படிப்பு, உயரம் எல்லாத்தையும் காலியா விட்டுட்டாங்க.”

“எதுவா இருந்தாலும் பரவாயில்லன்னு விட்டிருப்பாங்க.”

“காலியா இருந்தா அதைப் பாக்காதேன்னு நான் புரோகிராம் கோட்ல எழுத மறந்துட்டேன். வெப்சைட் போயி வேலை, படிப்பு, உயரம் எதுவுமே இல்லாத ஆளைப் புடிச்சிட்டு வந்திருச்சு.”

“அப்படி ஒருத்தன் இருக்கானா?”

“நான் சோதிச்சுப் பாக்க நட்சத்திரம் மட்டும் போட்டு வச்ச பொய் வரன். பேரு டெஸ்டிங்.”

“அம்மா ஜோசியரையே பாத்துட்டாங்கடா. பத்துக்கு எட்டுப் பொருத்தமாம்.”

“அதான் பயமா இருக்கு. இன்னிக்கே அழிச்சிடுறேன்.”

ரயில் ராவாங் நிலையத்தை நெருங்கியது. அக்கா தம்பியின் தோளைத் தட்டினாள்.

“அழிக்காதடா. அவன் இருக்கிற வரைக்கும் அம்மா வேற ஆளு தேட மாட்டாங்க. உயரத்தை மட்டும் கொஞ்சம் நல்லாப் போட்டு விடு.”