மெரூன் ஸ்வெட்டரின் தரம்

காலையில் ஆறு மணிக்கு எழுவேன். பால் காய்ச்சுவேன். நேற்றைய சட்டையை முகர்ந்து பார்த்து, பரவாயில்லை என்றால் அதையே போட்டுக்கொள்வேன். மெட்ரோவில் வைட்ஃபீல்டு போய், ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக் குப்பையைத் தரம் பிரிக்க உட்காருவேன்.

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்களின் துணி, தட்டு, செருப்பு. எட்டு நாளில் வீரியம் பாதியாகும். எண்பது நாள் பூட்டி வைத்து, கதிர்வீச்சு மீட்டரில் அளந்து வெளியே விடுவேன். அதன்பிறகு அது எல்லார் வீட்டுப் பொருளையும் போலத்தான்.

என் மனைவி சங்கமித்ராவும் அந்த மருந்தைக் குடித்தவள். அவளுடைய மெரூன் ஸ்வெட்டரும் எண்பது நாள் பூட்டில் இருந்தது. நானே அளந்து, சுத்தம் என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான்கு மாதம் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜூனில் இறந்தாள்.

ஜூலையில் அவள் தங்கை ரூபினி பொம்மசந்திராவிலிருந்து கைக்குழந்தையோடு வந்தாள். பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அதக் கழட்டு, ரூபினி."

"ஏன் மாமா, ஸ்வெட்டருக்கும் ஆதார் காட்டணுமா?"

பின்னாலிருந்து பார்த்தால் மித்ராவேதான். மித்ரா இதை விரும்பமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மீட்டர் வேலை செய்கிறதா என்று சோதிக்க, லேசான கதிர்வீச்சு உள்ள, நாணயம் அளவில் ஒரு வில்லை உண்டு. ஆளுக்கு ஒன்றும் ஆகாது, மீட்டர் மட்டும் கத்தும். ரிப்பேருக்குக் கொடுக்க மீட்டரையும் வில்லையையும் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தேன். வில்லையை உள்ளங்கையில் மறைத்து, ஸ்வெட்டரின் மேல் மீட்டரைக் கொண்டுபோனேன். கிர்ர் என்றது. குழந்தை சிரித்தது.

ரூபினி உடனே கழற்றிவிட்டாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கையையும் அளந்தேன். கிர்ர்.

"பாப்பாவுக்கு, மாமா?"

வில்லையை மேசை டிராயரில் போட்டுவிட்டு வந்து குழந்தையை அளந்தேன். மீட்டர் அடங்கியிருந்தது. நான் கொடூரமானவன் இல்லை.

"பாப்பா சுத்தம். நீதான் எண்பது நாள் தூக்கக்கூடாது. பாலும் குடுக்காத."

"நல்லவேளை, நீங்க பாத்தீங்க மாமா."

குழந்தையை ஓசூரில் தன் மாமியாரிடம் விட்டிருக்கிறாள். ஞாயிறுதோறும் போய், வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். இன்று நாற்பத்து மூன்றாம் நாள். குழந்தை இப்போது அவளைப் பார்த்துக் கை நீட்டுவதில்லையாம். எண்பதாம் நாள் மறுபடி அளக்க வரச் சொல்லியிருக்கிறேன். வில்லை இன்னும் டிராயரில்தான் இருக்கிறது.

யாரும் கேட்கவில்லை. கேட்டால், மித்ராவின் பொருளை அவள் விருப்பப்படி காப்பாற்றினேன் என்று சொல்வேன். கடைசியாக அவள் பேசியதும் என்னிடம்தான். மூச்சு வாங்கியபடி, மெதுவாகச் சொன்னாள்:

"ரூபினிக்குக் குளிர் தாங்காது. என் ஸ்வெட்டர அவளுக்குக் குடுத்துடுங்க."