பம்ப்பின் மீது குற்றமில்லை

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆயுத பூஜை அன்று மாலை ஐந்து மணிக்கு வண்ணார்பேட்டையில் மழை பிடித்துக்கொண்டது. சந்தனம் காய நேரமாயிற்று. ஈரக்காற்றில் அப்படித்தான் ஆகும்.

என் பெயர் சிவசண்முகம். கார் பட்டறை வைத்திருக்கிறேன். முகுந்தன் என் தங்கை கோமதியின் புருஷன். பாபநாசம் மலைப்பாதையில் நடந்த பந்தயத்தில் கார் கவிழ்ந்து இறந்துபோனான். இன்ஸ்பெக்டர் ஐயா, விபத்து என்று எழுதி ஃபைலை மூடிவிட்டீர்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தண்ணீர் பம்ப் பழுதானதுதான் காரணம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன்.

கொஞ்சம் விளக்க வேண்டும். சாதாரணக் காரில் தண்ணீர் பம்ப்பை என்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. என்ஜின் பறந்தால் பம்ப்பும் பறக்கும். வளைவில் என்ஜின் தணிந்தால் பம்ப்பும் தணியும். சூடு ஏறியிருக்கும் நேரம் பார்த்துத் தண்ணீர் குறையும். முகுந்தனின் கான்டெஸா காரில் என்ஜினை நான் அவ்வளவு முறுக்கேற்றி வைத்திருந்தேன். மலை வளைவுகளில் அது கொதித்தது. ஆகவே பழைய பம்ப்பின் இறக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு, ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் ஒரு மின்சாரப் பம்ப்பை வைத்தேன். காயல்பட்டினத்து நண்பர் நூகு துபாயிலிருந்து வாங்கிவந்தது. தனி வயர், தனி ரிலே, தனி ஃபியூஸ். பம்ப் நின்றால் டாஷ்போர்டில் எரிவதற்கு ஒரு சிவப்பு விளக்கு. ஆற்றுத் தண்ணீரே போதும் என்றான் முகுந்தன். நான் பாட்டரிக்கு ஊற்றுகிற சுத்தமான தண்ணீரைத்தான் ஊற்றினேன். இந்தச் சீமையில் வேறு யாரும் இதைச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. வடக்கே செய்திருந்தால் பத்திரிகையில் போட்டோ வந்திருக்கும்.

என்ஜின் குளிர்ந்தது. முந்தின பந்தயத்தில் முகுந்தன் ஜெயித்தான். பரிசை வாங்கிக்கொண்டு நெல்லையப்பருக்கு நன்றி சொன்னான். டயருக்கு நன்றி சொன்னான். கோமதியின் சமையலுக்கு நன்றி சொன்னான். பம்ப்பைப் பற்றி டீக்கடையில்தான் பேசினான்.

“எங்க மச்சான் மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துத மோட்டாரைக் காருக்குள்ள வச்சிருக்காரு வே.”

பெயிண்டர் சுவிசேஷமுத்து டம்ளரைக் கீழே வைத்தான். “அப்போ கரண்டு போனா வண்டி நின்னுருமா வே?”

“நிக்காது. அவரு குடத்தோட பின்னால ஓடி வருவாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கோபக்காரன் அல்ல. யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தொட்டி அண்ணாச்சி என்று பெயர். பட்டப்பெயர் வைப்பதில் மட்டும் நம் ஊர்க்காரர்கள் சோம்பல் படுவதில்லை. ஒருநாள் பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அம்மாள் தன் வீட்டு மோட்டாரையே ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள்.

“தொட்டி அண்ணாச்சி பட்டறை இதானே? தண்ணி ஏற மாட்டேங்கு. அவசரமில்ல, பைய பாருங்க.”

பார்த்தேன். சரிசெய்து கொடுத்தேன். தண்ணீர் ஏறியது. எந்த வேலையையும் நான் அரைகுறையாக விடுவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

முகுந்தனைத் தனியாக அழைத்து, அந்தப் பேச்சை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன்.

“விளையாட்டுக்குச் சொன்னது மச்சான். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குதீங்களே,” என்று தோளைத் தட்டினான்.

நல்ல பையன். கோமதியை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இறந்தவன் மேல் குறை சொல்வது என் பழக்கம் அல்ல.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். கருவிகளைக் கழுவி அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். முகுந்தனின் காருக்கு வைப்பது கோமதியின் பங்கு. ஸ்டீயரிங்குக்கு வைத்தாள். சாவிக்கு வைத்தாள். சூடு காட்டும் மீட்டருக்கும் வைக்கச் சொன்னேன். வைத்தாள்.

“அங்கன ஒரு சின்ன விளக்கு இருக்குல்லா, அதுக்கும் வை. அதாம்மா மாப்பிள்ளையைக் காப்பாத்துதது,” என்றேன்.

அதற்கு மட்டும் கனமாக அப்பி, கண்ணை மூடிக் கும்பிட்டாள். பூஜையில் வைத்த பொட்டை நம்மில் யாரும் துடைப்பதில்லை. அதுவாக உதிர வேண்டும். முகுந்தனோ எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் வண்டியைக் கிளப்பாதவன். அவன் துடைக்கமாட்டான். மெதுவாகக் காய்ந்த சந்தனம் வெடிப்பதும் இல்லை. மழை அந்த வகையில் உதவியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வண்டி கோட்டில் நிற்கும்போது பானெட்டைத் திறந்து கடைசியாக ஒருமுறை பார்ப்பது என் வழக்கம். எல்லோருக்கும் முன்னால் திறந்தேன். பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, வேறொரு வண்டியில் எரிந்துபோன ஃபியூஸை அந்த இடத்தில் செருகினேன். பம்ப் நின்றது. அத்தனை என்ஜின்களின் இரைச்சலில் அது யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மனத்துக்குக் கஷ்டமாக இருந்தது. அது ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. உள்ளே சிவப்பு விளக்கு எரிந்திருக்கும், சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் பின்னால்.

“சரியா இருக்கா மச்சான்?”

“சரியா இருக்கு,” என்றேன்.

பயமுறுத்தத்தான் செய்தேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. தண்ணீர் ஓடாத அந்த என்ஜின் எந்த வளைவில் சூடேறி இறுகி நின்றுபோகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதற்கு முந்தின வளைவிலேயே இறுகியது. அவன் மிதித்த மிதி அப்படி. சக்கரம் பூட்டிக்கொண்டது. அங்கேயும் பள்ளம்தான்.

நான் செய்த தவறு ஒன்று உண்டு. எரிந்த ஃபியூஸைப் பார்த்தால் உலகம் என்ன நினைக்கும் என்று யோசிக்கவில்லை. உங்கள் நிபுணர் குனிந்து பார்த்தார். பம்ப் இறுகியிருக்கும், கரண்டை அதிகமாக இழுத்திருக்கும், ஃபியூஸ் போயிருக்கும் என்றார். பம்ப்பை ஒரு பாட்டரியில் கொடுத்துப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. படித்தவர்தான். பதினாறாம் நாள் காரியத்தில் சுவிசேஷமுத்து எல்லோருக்கும் கேட்கும்படி அழுதான். “தொட்டி மோட்டாரை நம்பிப் போயிட்டானே பாவி,” என்றான். கூட இருந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். எத்தனை நாள் பொறுப்பது?

நொறுங்கிய வண்டியிலிருந்து பம்ப்பைக் கழற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். உங்கள் மேசை மேல் இருப்பது அதுதான். கீறல் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

இங்கே வருமுன் கோமதியைப் பார்த்தேன். முதலில் அவளிடம் சொல்வதுதான் முறை. மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறதே. ஃபியூஸைப் பற்றிச் சொன்னேன். சந்தனத்தைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். பிறகு பம்ப்பை அவள் முன்னால் வைத்து, பாட்டரியை இணைத்தேன். ஒரு தடங்கல் இல்லாமல் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவரைக் கொன்னதைச் சொல்ல வந்தீங்களா அண்ணே, இது ஓடுதுன்னு காட்ட வந்தீங்களா?”