ஏலதாரர் ஏழாம் நம்பர்

"ஹலோ... ஹலோ, மாமா! தோத்திரம் மாமா... ம், சாப்ட்டாச்சு... இல்ல, சும்மாதான் இருக்கேன்... ஆமா, ஆமா... மாமா, ஒரு பத்து நிமிசத்துல நானே கூப்புடட்டுமா?... ஐயய்யோ, தொந்தரவெல்லாம் இல்ல, என்ன மாமா இப்புடிச் சொல்லிட்டீங்க... சொல்லுங்க, சொல்லுங்க..."

மாமனார் போனைப் பாதியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்த மருமகன் எந்த ஊரிலும் கிடையாது. அதுவும் மாமனார் பெயர் இராஜாங்கம் என்றால் கேட்கவே வேண்டாம். தரங்கம்பாடிக் கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு முப்பது வருசமாக ஏலம் கூறுகிறவர். பேச ஆரம்பித்தால் எங்கே முடிப்பார் என்று அவருக்கே தெரியாது.

வலங்கைமானில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணி இரண்டு ஐம்பது. கிளமென்ட் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மகளுடைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு காதில் மாமனாரும் ஒரு கண்ணில் ஏலமுமாக வியர்த்துக்கொண்டிருந்தான். மூன்று மணிக்கு ஏலம் முடிகிறது. சரக்கு ஒரு பழைய கிட்டார்.

"மழையா?... நல்லா ஊத்துச்சு மாமா, வயல்ல முழங்கால் தண்ணி... வடிஞ்சுரும், வாய்க்கால்லதான் ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்கு... ஐயோ!... இல்ல மாமா, பயிருக்கு ஒண்ணும் ஆவல... இந்த ஐயோ வேற ஐயோ..."

லேப்டாப் 'டிங்' என்றது. யாராவது விலையை ஏற்றினால் அது அப்படி ஒரு மணி அடிக்கும். அந்த மணிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கிளமென்ட் திரைக்குள் தலையை விட்டுப் பார்த்தான்.

"மாமா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், லின்சிக்குத் தெரியக் கூடாது... அடுப்படியில பாத்திரம் கழுவுறா... மெதுவாத்தான் பேசுறேன்... நம்ம பழைய கிட்டாரு ஏலத்துக்கு வந்துருக்கு மாமா... அதேதான்! நாலாவது போட்டோல மெழுகுவத்தி சுட்ட தழும்பு அப்புடியே இருக்கு... ஆமா, ஆமா, பஸ்ல போனது... அந்தக் கண்டக்டரு... ம்... ம்..."

கண்டக்டர் என்ற சொல் வந்ததும் கிளமென்டின் குரல் இறங்கிவிட்டது. இறங்காமல் என்ன செய்யும்? அந்தக் கண்டக்டர் ஒரு பாவமும் அறியாதவர். சொல்லப்போனால் அப்படி ஒரு ஆளே கிடையாது.

ஜெர்மன்காரப் பாதிரியார் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கிளமென்டின் அப்பாவிடம் விட்டுப்போன கிட்டார் அது. ஒரு கிறிஸ்மஸ் பாட்டு ரவுண்டில், பக்கத்தில் நின்ற லின்சி கையிலிருந்த மெழுகுவத்தி சாய்ந்து அதன் மேல் தழும்பு விழுந்தது. தழும்பில் ஆரம்பித்த சண்டை தாலியில் முடிந்தது. கல்யாணமாகி மூன்றாவது வருசம், மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருசம், போர்வெல் மோட்டார் புகைந்துபோனது. கிளமென்ட் கிட்டாரைக் கும்பகோணத்தில் ஒரு கடையில் விற்று மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி ஓடவைத்தான். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. மாயவரம் பஸ்ஸில் மறந்து வைத்துவிட்டேன், கண்டக்டர் அமுக்கிவிட்டான் என்று ஒரே போடாகப் போட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் லின்சி அந்தக் கண்டக்டருக்கு அர்ச்சனை செய்யத் தவறியதில்லை. அவனுக்கு ராத்திரித் தூக்கம் வரக் கூடாது, பொய் சொன்ன நாக்கில் புண் வரவேண்டும் என்று ஆரம்பித்து, கேக் வெட்டும்வரை ஓயமாட்டாள். கிளமென்ட் தலையைக் குனிந்துகொண்டு கேக்கைத் தின்பான்.

வருகிற சனிக்கிழமை இருபத்தைந்தாவது கல்யாண நாள். அன்றைக்கு அந்தக் கிட்டாரைக் கையில் எடுத்து நாலு பேர் முன்னால் பாடிவிட்டு, உண்மையையும் சொல்லிவிடவேண்டும். அதுதான் திட்டம். கையில் இருப்பது முப்பத்தைந்தாயிரம். அதுவும் புது மோட்டாருக்கு வைத்திருந்த காசு.

"வெலை நல்லா ஏறுதாவா?... ஏறுது மாமா, ஏன் ஏறாது... எட்டாயிரத்துல ஆரம்பிச்சது. ஒம்போதாயிரத்துல எல்லாரும் ஒதுங்கிட்டாங்க... மூணே பேருதான் மிச்சம். பேரு காட்ட மாட்டான், நம்பருதான். நான் ரெண்டு. நாலாம் நம்பரு ஒருத்தன், கீரைக்காரிகிட்ட பேரம் பேசுற மாதிரி நூறு நூறா ஏத்துறான்... அவனக்கூட விட்டுறலாம் மாமா. இந்த ஏழாம் நம்பருன்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க..."

டிங்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! நான் இருபத்தாறாயிரம் போட்டா, இருபத்தாறாயிரத்து ஐநூத்தி ஒண்ணு... ஆமா மாமா, ஒத்த ரூவா வச்சு! எவனாவது ஏலத்துல மொய் எழுதுவானா?... பணக்கொழுப்பு மாமா, வேறென்ன... வேல வெட்டி இல்லாத பய... எங்கயாவது ஏசி ரூம்ல கால நீட்டிக்கிட்டு... என்ன மாமா இருமுறீங்க? தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க..."

தண்ணீர் குடிக்கும் சத்தம் போனில் நன்றாகக் கேட்டது. அந்த இடைவெளியில் கிளமென்ட் இருபத்தேழாயிரம் போட்டான். நாலாம் நம்பர் நூறு ஏற்றினான். கிளமென்ட் வீராப்பாக இருபத்தெட்டாயிரம் என்று தட்டினான்.

"ம்... சொல்லுங்க... நல்ல மனுசனா இருப்பானா? யாரு, ஏழாம் நம்பரா?... எனக்கு மரியாத பண்றானா?... மாமா, அவன் என் கழுத்த அறுக்குறான், நீங்க அவனுக்கு வக்காலத்து வாங்குறீங்க... அட, அது வேற மாமா, கோயில் ஏலம் வேற... இருங்க, ஒங்க பக்கம் என்ன மணி அடிக்குது?"

டிங் என்று லேப்டாப் சொன்னது. கண் இமைக்கும் நேரத்தில் போனுக்குள்ளும் டிங் என்றது.

"கோயில் மணியா? இந்நேரத்துல எந்தக் கோயில்ல மாமா?... என்னது? இருபத்தெட்டாயிரத்து ஐநூத்தி ஒண்ணு தாண்டுவனான்னா... மாமா. மாமா, இருங்க. அந்த ஐநூத்தி ஒண்ண நான் இன்னும் ஒங்ககிட்ட சொல்லவே இல்லயே... மாமா? இராஜாங்கம் மாமா? லைன்ல இருக்கீங்களா?... நீங்கதான் ஏழா?"

ஆமாம், அவர்தான் ஏழு. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வெட்கம் ஒன்றும் இல்லை. பெருமைதான் பொங்கி வழிந்தது.

இதில் அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அறுப்பின் பண்டிகையில் ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பரங்கிக்காய், வாழைத்தார், சேவல் எல்லாம் ஏலத்துக்கு வரும். அங்கே ஒரு எழுதாத சட்டம் உண்டு. சொந்தக்காரன் ஒருவன் விலை கேட்டால், அதை ஒற்றையில் விடக் கூடாது. ஏற்றிவிடவேண்டும். ஏற்றாவிட்டால் 'அவனுக்கு ஆள் இல்லை' என்று ஊர் பேசும். போன வருசம் மாமனார் கேட்ட ஒரு பரங்கிக்காயைக் கிளமென்டே ஆயிரத்து எண்ணூறுவரை ஏற்றிவிட்டுக் கைகட்டி நின்றான். மாமனார் மார்பை நிமிர்த்திக்கொண்டு அதைத் தூக்கிப் போனார். அந்தக் கடனைத்தான் இப்போது திருப்பிச் செலுத்திக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு எப்புடி மாமா தெரிஞ்சுது?... குடும்ப வாட்ஸப் குரூப்புலயா?... அந்த ஏல லிங்க் தெரியாமப் போட்டது மாமா! கிட்டார் பத்தித் தெரிஞ்ச ஒரு சிநேகிதனுக்கு அனுப்ப வேண்டியது, கை தவறிருச்சு. ரெண்டு நிமிசத்துல அழிச்சுட்டேனே... அதுக்குள்ள பாத்துட்டீங்களா... கூச்சப்பட்டு அழிச்சேன்னு நெனச்சுட்டீங்களா... கோவமில்ல மாமா, கோவமில்ல. பெருமையாத்தான் இருக்கு... சத்தியமா பெருமையா இருக்கு மாமா, ஆனா காசு என்னுது! இருபதாயிரம் தேவையில்லாம ஏறிருக்கு!... சரி சரி, நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க... அந்த டேப்லெட்ட கவுத்து வைங்க. சத்தத்த அணைங்க. கையத் தூக்கித் தலையில வச்சுக்குங்க... வச்சுட்டீங்களா?... ஆங்."

மூன்று மணிக்கு இன்னும் நாலு நிமிசம். ஏழாம் நம்பர் ஒழிந்தான். கிளமென்ட் ஒரு பெருமூச்சு விட்டு இருபத்தொன்பதாயிரம் போட்டான். உடனே நாலாம் நம்பர் நூறு ஏற்றினான். கிளமென்ட் முப்பதாயிரம் போட்டான். முப்பதாயிரத்து நூறு வந்தது.

"மாமா, நீங்களா?... பைபிள் மேல சத்தியம் வேணாம் மாமா, நம்புறேன்... சத்தத்த அணைச்சுட்டீங்கள்ல?... பின்ன அந்த மணி எங்கேர்ந்து வந்துச்சு? எனக்கு நல்லாக் கேட்டுச்சே... இருங்க, இருங்க..."

லேப்டாப்பைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு, கிளமென்ட் பூனைபோல அடுப்படிக்குப் போனான். குழாய் திறந்து கிடந்தது. பாத்திரம் ஒன்றுகூடக் கழுவப்படவில்லை. மிக்சிக்குப் பின்னால் சாய்த்துவைத்த போனை லின்சி ஈர விரலால் தடவிக்கொண்டிருந்தாள். திரையில் அதே கிட்டார்.

"லின்சி!... நீயா? நீதான் நாலா?... ஒங்களச் சொல்லல மாமா, நீங்க ஏழு. இங்க ஒங்க மக நிக்கிறா, அவதான் நாலு!... ஆமா மாமா, சிரிக்காதீங்க... ஏண்டி, எதுக்கு?... எனக்கா? சனிக்கெழமைக்கா?... சீட்டுக் காசா?... நானும் ஒனக்குத்தான்டி எடுக்கலாம்னு... மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க, நாங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல!... அப்ப வெளியாளு ஒருத்தனுமே இல்லயா? எட்டாயிரம் ரூவா கிட்டார முப்பதாயிரத்துக்கு ஏத்துனது நாம மூணு பேருமா?"

மூன்று பேரும்தான். விற்கிறவன் எங்கேயோ உட்கார்ந்து கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பான்.

"சரி, இனி யாரும் தொடாதீங்க. முப்பதாயிரத்து நூறுல லின்சி மேல நிக்கிறா, அவளுக்கே முடியட்டும்... இன்னும் அம்பது செகண்டு மாமா... ஒரு தரம் சொல்லணுமா?... சொல்லுங்க மாமா, ஒங்க வாயாலயே சொல்லுங்க... ஒரு தரம், ஆமா... ரெண்டு தரம்... ஆமா ஆமா..."

டிங்.

"மாமாஆஆ!"

முப்பது வருசப் பழக்கம் சும்மா விடுமா? மூன்றாம் தரத்துக்கு முன்னால் ஏலக்காரர் கடைசியாக ஒருமுறை தானே ஏற்றிப் பார்ப்பது அந்தக் கோயில் வழக்கம். முப்பதாயிரத்து அறுநூற்று ஒன்று. அதோடு அந்த ஏலத்துக்கு ஒரு விதியும் உண்டு. கடைசி நேரத்தில் யார் ஏற்றினாலும் இரண்டு நிமிசம் கூடிக்கொள்ளும்.

"இல்ல லின்சி, நீ ஏத்தாத! நீ ஏத்துனா அவரு ஏத்துவாரு, அவரு ஏத்துனா... விடு, அவரே எடுக்கட்டும். பாதி நீ போடு, பாதி நான் போடுறேன்... மாமா, கைய மறுபடியும் தலைக்குக் கொண்டு போங்க... என்னடி?... நீயும் அந்தக் குரூப்புலதான் பாத்தியா?... காசில்லாம அழிச்சேன்னு நெனச்சியா?... தழும்பப் பாத்துக் கண்டுபுடிச்சியா? நீ போட்ட தழும்புதான, ஒனக்குத் தெரியாமலா... லின்சி, நான் ஒண்ணு சொல்லணும். அந்தக் கண்டக்டரு விசயம்... என்னது?... தெரியுமா?... எப்பலேர்ந்து?... சட்டப் பையில கிட்டாருக்குக் கடக்காரன் குடுத்த சீட்டா? தொவைக்கும்போதா?... அந்த வாரமேவா! ஏன்டி என்னைக் கேக்கல?... நானே சொல்லுவேன்னா?... அப்ப இருபத்திரெண்டு வருசமா தூக்கம் வரக் கூடாது, நாக்குல புண்ணு வரணும்னு திட்டுனது..."

 லின்சி ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. கிளமென்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருசம் தெரிந்தே கேக்கும் வெட்டிக் கொடுத்தாளே என்று நினைத்தபோது அழுகையும் வந்தது. இரண்டையும் மறைக்க அவன் குழாயை மூடினான்.

டிங் டிங் டிங் என்று மூன்றுமுறை அடித்தது.

"மாமா, முடிஞ்சுது... ஆமா, ஒங்களுக்குத்தான்... பச்ச எழுத்துல வந்துருக்கா? அதான், வாழ்த்துகள் மாமா... காச நாங்க ரெண்டு பேரும் இப்பவே... என்னது, அதுவே எடுத்துக்கிச்சா? எந்த கார்டு குடுத்தீங்க?... அத்த கார்டா? அவங்க பென்சன் காசா? அவங்ககிட்ட சொன்னீங்களா?... மாமா, பேங்குலேர்ந்து மெசேஜ் போயிருக்குமே! அத்த போன் எங்க இருக்கு?... அத்த கையிலயா?... அத்த எங்க இருக்காங்க?... மாமா?... பின்னால யாரு சத்தம்?... ஹலோ? மாமா? ஹலோ?"

லைன் கட்டாகிவிட்டது.

அடுத்த நொடி மிக்சிக்குப் பின்னால் லின்சியின் போன் அலறியது. திரையில் 'அம்மா' என்று வந்தது. மாமியார் அமலோற்பவம் டீச்சர் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்கிற ஆள் இல்லை. லின்சி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு புருசனைப் பார்த்தாள்.

"எடு லின்சி, எடு... எல்லாம் யாரு பண்ணுன வேலைன்னு கேட்டா, அந்தக் கண்டக்டருன்னு சொல்லிரு."