துப்பச் சொன்ன சாப்பாடு

1995 ஐப்பசிக் கடைசி. ஆமி ஷெல் குத்திவிட்டான். டொம். பின்னால், வந்த பக்கமாக. இனி அது வரும். வருகிற சத்தம் புதுச் சீலையைக் கிழிப்பது மாதிரி இருக்கும். படுக்க இடமில்லை. நாவற்குழிப் பாலத்தில் நிற்கிறோம். யாழ்ப்பாணமே நிற்கிறது. முன்னால் நிற்பவரின் முதுகில் என் முகம். "குனியுங்கோ, எல்லாரும் குனியுங்கோ" என்று யாரோ கத்துகிறார். குனியவும் முடியவில்லை. எங்கேயோ தூரத்தில் விழுந்து வெடித்தது. சனம் அரை அடி நகர்ந்தது.

விடிந்துவிட்டது. மழை விடவில்லை. இடுப்பில் மகள். பெயர் துளசி. இரண்டு வயது. காய்ச்சல். முதல்நாள் மத்தியானத்துக்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. என்னிடமும் ஒன்றுமில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருகிறேன் என்று கணவர் சொன்னார். இன்னும் வரவில்லை.

பக்கத்தில் நடந்த மனுசி யாரென்று தெரியாது. வெற்றிலைக் காவி படிந்த பல். மடியிலிருந்து ஒரு காய்ந்த பாண் துண்டை எடுத்தாள். கல் மாதிரி இருந்தது. பிள்ளையால் கடிக்க முடியாது. தன் வாயில் போட்டு மென்றாள். கூழாக்கி, விரலில் எடுத்து, துளசியின் வாயில் வைத்தாள். துளசி நாக்கால் தள்ளப் பார்த்தாள். நான் கத்தினேன். "விழுங்கு பிள்ளை. விழுங்கு." விழுங்கினாள். அந்த மனுசியின் சாதி என்ன, ஊர் என்ன, வாயில் என்ன நோய் என்று நான் கேட்கவில்லை. கேட்கிறவர்கள் பாலம் தாண்டியிருக்க மாட்டார்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் பாலத்துக்கு மட்டும் சாட்சி இல்லை. நியூ ஜெர்சியில் ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கும் சாட்சி. அங்கே ஷெல் விழவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். யாரும் மறக்கக் கூடாது.

1999, கோடை. என் கணவரின் அண்ணன் கூப்பிட்டு அமெரிக்கா வந்திருக்கிறேன். வெஸ்ட் வின்ட்சரில் வித்யா வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை. வித்யா சென்னைக்காரி, சாப்ட்வேர். மகள் ஷ்ருதிக்கு ஆறு வயது. சனிக்கிழமை எனக்கு லீவு. அன்று என் சினேகிதி அபெபா தன் ஓட்டைக் காரில் வந்து என்னை ஏற்றிக்கொள்வாள். ஒரு சர்ச்சின் அடித்தள மண்டபத்துக்குப் போவோம். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை. சனிக்கிழமை மட்டும். நடத்துகிறவர்கள் அகதிப் பெண்கள். சியரா லியோன், லைபீரியா, சோமாலியா. அபெபா எரித்திரியா. நான் ஒருத்திதான் ஆப்பிரிக்கா இல்லை. யாரும் யாரிடமும் கதை கேட்பதில்லை. வெங்காயம் உரிக்கிறோம். அழுவதற்கு அதுவே போதும்.

ஜூலை நாலாம் தேதிக்கு முன்னால் ஒரு நாள் தெருவில் பிள்ளைகள் பட்டாசு விட்டார்கள். ஒரு டொம். நிமிர்ந்து பார்த்தால் சமையலறையில் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் மேசைக்குக் கீழே. நானும். சோமாலியாக்காரி கையில் கரண்டியை விடவில்லை. பிறகு சிரித்தோம். அப்படிச் சிரித்து எனக்கு எத்தனையோ காலம்.

அபெபாவின் மகள் சூடானில் ஒரு முகாமில். பெயர் செலாம். வயது பதினாறு. மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் தாய்க்கு நிலையான வேலை என்று காட்ட வேண்டும். அபெபாவுக்கு இந்த அடுப்புத்தான் வேலை. சர்ச்சுக்காரர்கள் நல்ல மாதிரி. ஆனால் மேசைகள் காலியாகக் கிடக்கின்றன, மண்டபத்தைக் கேட்டு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்றார்கள். ஒரு சனிக்கிழமை கமிட்டி வந்து பார்க்கும். கூட்டம் இருந்தால் கடை இருக்கும். அபெபா என்னைப் பார்த்தாள். உன் ஆட்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்களே என்றாள்.

இருந்தார்கள். பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் பார்த்தவர்கள், வித்யாவின் சினேகிதர்கள். சந்திரசேகரன் அங்கிளிடம் சொன்னேன். தமிழ்க் கூட்டம் எது நடந்தாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். உடனே சம்மதித்தார். "பசங்களுக்கும் நல்ல எக்ஸ்போஷர்" என்றார்.

எங்கள் ஆட்கள் மச்சம், மாமிசம் தொட மாட்டார்கள் என்று அபெபாவிடம் சொன்னேன். அவள் ஆறு புதுச் சட்டி வாங்கினாள். இறைச்சி பட்ட சட்டி வேண்டாம் என்று அவளே முடிவெடுத்தாள். அவள் ஆட்களுக்கும் விரத நாட்கள் உண்டு. விரதச் சமையல் முழுக்கச் சைவம். பருப்பு, முட்டைக்கோவா, கடலைமாக் குழம்பு. மாவை மூன்று நாள் புளிக்க வைத்து இஞ்செரா சுட்டாள். ஆப்பத்தின் புளிப்பு, தோசையின் அகலம். பெரிய தட்டில் அதை விரித்து, மேலே கறிகளை வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லாரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். எச்சிலைப் பற்றி அவளிடம் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. நான் அதைப் பாலத்தில் போட்டுவிட்டு வந்தவள்.

சனிக்கிழமை. பன்னிரண்டு மணி. வந்தார்கள். வரிசையாக வேன்கள். மண்டபம் நிறைந்தது. கமிட்டியிலிருந்து இரண்டு முதியவர்கள் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அபெபா வெள்ளை உடுப்புப் போட்டிருந்தாள். வாசலில் கெண்டியும் பேசினுமாக நின்று ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினாள். அது அவர்கள் வழக்கம். எனக்குப் பெருமையாக இருந்தது.

அங்கிள் மைக்கைப் பிடித்தார். விருந்தோம்பல் நம் பண்பாடு என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார். கை தட்டினார்கள். இறங்கி என்னிடம் வந்தார். "சோமாலியாவா எரித்திரியாவா, எல்லாம் ஒண்ணுதானே. அந்தம்மாவை அவங்க ஸ்டோரியைக் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க. ரொம்ப வயலன்ஸ் வேண்டாம்." நான் அபெபாவிடம் சொல்லவில்லை. என் காது கூசியது.

தட்டுகள் வந்தன. "எல்லாரும் ஒரே தட்டுலயா? கையை விட்டா?" யாரோ கேட்டார்கள். பிறகு பைகள் திறந்தன. டப்பாக்கள். புளியோதரை. தயிர்சாதம். மாவடு. வரும்போதே கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். பேப்பர் தட்டும் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தி பிளாஸ்டிக் கத்தியால் இஞ்செராவைச் சதுரம் சதுரமாக அறுத்துக் கறி படாத துண்டாகப் பார்த்து எடுத்தாள். இன்னொருத்தி மோந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். விருந்துக்கு வந்த வீட்டில், சமைத்தவளின் கண்ணுக்கு முன்னால், சொந்தச் சோற்றைத் தின்கிறார்கள்.

ஷ்ருதி மட்டும் பெரிய தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பிய்த்தாள். தொட்டாள். தின்றாள். "இட்ஸ் சோ குட்" என்றாள். அபெபாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ஒரு துண்டு பிய்த்து, பருப்பை வைத்துச் சுருட்டி, பிள்ளையின் வாயில் ஊட்டினாள். அவர்கள் விருந்தாளிக்குச் செய்யும் பெரிய மரியாதை அது. ஊட்டினவர், வாங்கினவர், இரண்டு பேரும் இனி ஒரு வீடு.

வித்யா மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்தாள். "துப்பு. ஷ்ருதி, துப்புடீ."

நான் கத்தினேன். என்னை அறியாமல் வந்தது. "விழுங்கு பிள்ளை. விழுங்கு."

பிள்ளை இரண்டு பேரையும் பார்த்தது. வாய் நிறையச் சாப்பாடு. வித்யா தாடையைப் பிடித்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, வழித்து எடுத்தாள். டிஷ்யூவில் சுருட்டினாள். வாய்க்குள்ளும் துடைத்தாள். ஷ்ருதி அழத் தொடங்கினாள்.

அபெபாவுக்குத் தமிழ் தெரியாது. தெரிய வேண்டியதில்லை. உள்ளே போனாள். கெண்டியையும் பேசினையும் சோப்பையும் கொண்டு வந்தாள். வித்யாவின் விரல்களைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினாள். வித்யா கழுவிக்கொண்டாள். நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டாள். சீ.

கமிட்டி முதியவர்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டப்பாக்களையும் பார்த்தார்கள். இங்கே வந்தும் கொண்டு வந்த சாப்பாட்டைத்தானே சாப்பிடுகிறார்கள் என்று ஒருவர் மற்றவரிடம் மெல்லச் சொன்னார். ஒரு மணிக்கு மண்டபம் காலி. போகும்போது அங்கிள் நன்கொடைப் பெட்டியில் எதையோ போட்டார். "ரொம்ப இன்ஸ்பயரிங்" என்றார்.

தட்டுகள் அப்படியே கிடந்தன. நாங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்தோம். ஒரே தட்டில் சாப்பிட்டோம். அபெபா மட்டும் சாப்பிடவில்லை. கடலைமாக் குழம்பின் மேல் ஏடு படிந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வித்யா என்னிடம், "அக்கா, குழந்தை முன்னாடி அப்படிக் கத்தலாமா? ஜெர்ம்ஸ் வேற. நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றாள். எடுத்தேன். திரும்பப் போகவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் தேநீர் குடிக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமைகளில் ஒருவரும் வரவில்லை. சர்ச்சுக்காரர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். சர்ச் மண்டபத்தை ஒரு யோகா வகுப்புக்குக் கொடுத்தது. அபெபாவின் வேலை போனது. மகளுக்கான மனு நின்றது. டெக்ஸஸில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று போனாள். அங்கே நிலைத்துவிட்டு மறுபடி மனுப் போடுவேன் என்றாள். அடுத்த வருடம் ஒருமுறை போன் செய்தாள். இனிக் காத்திருக்க முடியாது என்று செலாம் முகாமை விட்டு வேலை தேடிக் கார்ட்டூமுக்குப் போனாளாம். போய்ச் சேர்ந்த தகவல் இல்லை. அபெபா அழவில்லை. தொழிற்சாலையின் சத்தம் மட்டும் பின்னால் கேட்டது.

இது 2001. இழந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

வீடு. கிணறு. கணவர் தவராசா, வீடு பூட்டிய திறப்புக் கோர்வையோடு. மகள் துளசி. பாலம் தாண்டினாள். கிளிநொச்சியில் மலேரியா வந்து போனாள். இவை யுத்தம் எடுத்தவை.

செலாமை யுத்தம் எடுக்கவில்லை. அவள் யுத்தத்திலிருந்து தப்பிய பிள்ளை. அவளையும் இங்கே எழுதுகிறேன். அந்த மத்தியானத்துக்கு வேறு சாட்சி இல்லை. அன்று விருந்துக்கு வந்த எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.