மலைவழித் தூரம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு காகிதத்தை மடித்து அடியில் கொடுத்தால் ஆடாது. இத்தனை பேர் வந்து உட்காரும் போலீஸ் ஸ்டேஷன், ஒருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் சொல்கிறேன்.

நாங்கள் வாஷிங் மெஷின் செய்து விற்கிறோம். விற்ற மெஷின் கடைக்குப் போய்ச் சேரும்வரை லாரி கக்கும் புகைக்கும் நிறுவனமே கணக்குக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கு என் பொறுப்பு. சரக்கின் எடையைப் போகும் தூரத்தால் பெருக்கி, அதை லாரிக்கான புகை அளவால் பெருக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கணக்கு. ஆனாலும் எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் புரியாது. என்னைப் 'புகை சார்' என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். முதலாளி மட்டும் சிரிக்கமாட்டார். அவருக்கு அந்த நகைச்சுவையும் புரியாது.

தூரத்துக்கு நான் வரைபடத்தில் இருந்த குறுக்குவழியை எடுத்துக்கொண்டேன். அது மலைப்பாதை. டிரைவர்களோ மலையைச் சுற்றிச் சமவெளியிலேயே போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. டிரைவரைக் கேட்டுக் கணக்குப் போடும் நிலைமை எனக்கு வரவில்லை.

இந்த வருடம் தணிக்கைக்கு ஒரு பெண் வந்தாள். என் மகள் வயதுதான் இருக்கும். லாரிகளின் ஜி.பி.எஸ். பதிவைப் பார்த்துவிட்டு முதலாளி எதிரிலேயே சொன்னாள்:

"சார், நீங்க போட்ட தூரமும் வண்டி ஓடின தூரமும் ஒத்துப்போகல. நெறைய பேர் பண்ற தப்புதான். சரி பண்ணிடுங்க. அடுத்த மாசம் வந்து, இனிமே வண்டி ஓடற தூரத்தோட ஒத்துப்போகுதான்னு பாக்கறேன்."

தப்பு. என்னிடம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி பண்ணச் சொன்னாள், பண்ணினேன். கணக்கைத் திருத்துவது தோற்றவன் செய்கிற வேலை. நான் லாரிகளைத் திருத்தினேன். இனி எல்லா வண்டியும் மலைவழியே போக வேண்டும், சுற்றிப் போகிறவருக்கு அடுத்த லோடு கிடையாது என்று உத்தரவு போட்டேன். டீசல் மிச்சமாவதைப் பார்த்து முதலாளி தட்டிக்கொடுத்தார். டிரைவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் போனார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. அந்த டிரைவர்களில் ஒருவர் என் தங்கையின் கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஆமை என்று பட்டப்பெயர். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். அன்று காலை லோடு ஏற்றிவிட்டு, ஈரச் செருப்போடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"மச்சான், இன்னைக்கு ஒரு நாள் சுத்திப் போயிடறேனே. மேல மண்ணு இளகிக் கெடக்குன்னு சொல்றாங்க."

"யாரு சொன்னா?"

"டீக்கடையில பேசிக்கிட்டாங்க."

"டீக்கடைப் பேச்சைக் கேட்டா கம்பெனி நடத்த முடியும், மாப்பிள்ளை? பாதை நல்லாத்தான் இருக்கு. நான் விசாரிச்சுட்டேன். போயிட்டு வாங்க."

உடனே நம்பிவிட்டார். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு எண்ணம் உண்டு.

அதற்குச் சற்று முன்னால்தான் சாலைத்துறையிலிருந்து போன் வந்திருந்தது. மலையில் மண் சரிகிறது, கனரக வண்டி எதையும் அனுப்பாதீர்கள் என்றார்கள். எடுத்தவன் நான். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். மறுநாள் அந்தப் பெண் வருவதாக இருந்தது. ஒரே ஒரு வண்டி சுற்றிப் போயிருந்தாலும் விரலை நீட்டுவாள். அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

மாலைக்குள் லாரி பள்ளத்தில் கிடந்தது. பிணவறை வாசலில் தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அண்ணா, மழைன்னா அவரு மேல ஏறவே மாட்டாரே. இன்னைக்கு ஏன் போனாரு?"

"சீக்கிரம் வீட்டுக்கு வரணும்னு நெனச்சிருப்பாரும்மா."

அவள் அதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் பொய் என்று எழுதக்கூடும். ஆறுதல் என்று எழுதினால்தான் சரியாக இருக்கும்.

ஆமாம், மண் சரிவது தெரிந்தேதான் அனுப்பினேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் கிடக்கும் மெஷின்கள் கடைக்குப் போய்ச் சேரவில்லை. சேராத சரக்கு விற்ற சரக்கு ஆகாது. ஆகவே பாதி வழியில் நின்றுபோன அந்த ஓட்டத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது என் தூரமும் வண்டிகள் ஓடிய தூரமும் அச்சுப்பிசகாமல் ஒத்துப்போகின்றன. அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், என் பக்கம் தப்பு எதுவும் இல்லை.